மூலக்கூறு தபால்: அனுப்புவது சுலபம், அழிப்பதுதான் கஷ்டம்

ரேடியோ அலைகள் எட்டாத இடங்களுக்கு ரசாயனங்களைத் தூது அனுப்ப முயலும் பொறியாளர்கள், உடலிடம் பாடம் கற்கிறார்கள்.

ஒரு டேபிள் ஃபேன். வோட்கா நிரப்பிய ஒரு ஸ்பிரேயர். சில மீட்டர் தள்ளி, ஆல்கஹால் ஆவியை மோப்பம் பிடிக்கும் மலிவான ஒரு சென்சார். 2013இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரிமன் ஃபர்சாத், ஆண்ட்ரூ எக்ஃபோர்டு, பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய்சி குவோ ஆகிய மூவரும் இவற்றை வைத்து ஒரு செய்தி அனுப்பினார்கள். தெளித்தால் 1, தெளிக்காவிட்டால் 0. கனடா தேசிய கீதத்தின் பெயரான 'ஓ கனடா' காற்றில் மிதந்து போய், மறுமுனையில் எழுத்துகளாக விழுந்தது.

கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு? ரேடியோ அலைகளுக்கும் எல்லை உண்டு. சுரங்கத்திலும், வளைந்து செல்லும் உலோகக் குழாய்களிலும் அவை திணறுகின்றன. உடலுக்குள் நிலைமை இன்னும் மோசம். கருவி சிறிதாகச் சிறிதாக அதன் ஆன்டெனாவும் சிறுத்து, மிக அதிக அதிர்வெண் தேவைப்படுகிறது. அந்த அலைகளை உடலின் நீர் விழுங்கிவிடுகிறது. கட்டியைத் தேடிப்போய் மருந்தை இறக்கும் நுண்கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், மூலக்கூறுகளே பொருத்தமான மொழி என்பது ஆய்வாளர்களின் வாதம். இத்துறைக்கென 2015இல் ஐ.இ.இ.இ. அமைப்பு ஒரு பொதுவான வழிகாட்டு நெறியையே வெளியிட்டது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சமையலறையில் தாளித்த வாசனை, அடுப்பை அணைத்த பிறகும் கூடத்தில் நிற்கிறதல்லவா? அதே கதைதான். முந்தைய 1-இன் மிச்சம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க, அடுத்து வரும் 0-வையும் சென்சார் 1 என்று படித்துவிடுகிறது. காற்று சுத்தமாகும்வரை காத்திருந்தால் வேகம் போய்விடும். விசிறியும் இல்லாமல் மூலக்கூறுகள் தாமாகவே பரவ வேண்டும் என்றால், தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறது.

பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஃபர்சாத், அங்கே வினிகரையும் கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் பயன்படுத்தினார். ஒன்று அமிலம், மற்றது காரம். ஒன்றின் மிச்சத்தை மற்றது தீர்த்துவிடும்.

இந்த வித்தை நம் உடலுக்குப் பழையது. 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதன் துடிப்பும் குறைந்தது. நரம்பு பேசுவது ரசாயனத்தில் என்பது நிரூபணமானது. 1936இல் ஹென்றி டேலுடன் லோவி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். செய்தி சேர்ந்த கணமே அதை உடைத்துத் தள்ள ஓர் என்ஸைம் தயாராகக் காத்திருக்கிறது. அந்த என்ஸைமின் ஒரே மூலக்கூறு நொடிக்குப் பல ஆயிரம் தூதர்களை அழிக்கிறது. அதனால்தான் சுருங்கிய தசை உடனே தளர்கிறது, அடுத்த மூச்சை இழுக்க முடிகிறது.

அழிப்பவன் படுத்துவிட்டால் என்ன ஆகும்? வோட்கா செய்தி பறந்த அதே 2013இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து. அது அந்த என்ஸைமை முடக்குகிறது. அழியாத செய்திகள் குவிகின்றன. வாயில் நுரை தள்ளுகிறது, நுரையீரலில் நீர் சுரக்கிறது, மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. டாக்டர்கள் போடும் அட்ரோபின் ஊசி செய்தியை அழிப்பதில்லை. சுரப்பிகளிலும் நுரையீரலிலும் இதயத்திலும் அதைப் படிக்கும் இடத்தை மூடிவைக்கிறது, அவ்வளவுதான்.

பொறியாளர்களும் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டார்கள். செய்தி செல்லும் பாதையிலேயே என்ஸைமைக் கலந்துவைத்தால் பிழைகள் குறையும் என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நாளை ரத்தத்தில் மிதக்கப்போகும் எந்தக் கருவியிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எவ்வளவு வேகமாகப் பேசும் என்பதல்ல. பேசியதை எப்படித் துடைக்கும் என்பதுதான்.