கள்ளக் கையொப்பமும் காணிப் பதிவும்

தென் ஒக்லாந்தின் மனுரேவாவிலும் அதன் அயற்பகுதிகளிலும் குடியேறிய நம்மவர்களிற் பலர் வாடகை வீட்டு வாழ்வை முடித்துக்கொண்டு சொந்த வீட்டுக்கு வந்துவிட்டனர். வங்கிக் கடன், சீட்டுக் காசு, உறவினரிடம் பெற்ற கைமாற்று ஆகிய மூன்றும் சேர்ந்தே அவ்வீடுகளிற் பல வாங்கப்பட்டன. கணவன் இரவு வேலைக்கும் மனைவி பகல் வேலைக்கும் போகின்ற இல்லங்களில், வீட்டுக் கடன் பற்றிய கடதாசிகளை யாரோ ஒருவரே பார்த்துக்கொள்கிறார். மற்றவர் காட்டிய இடத்தில் ஒப்பமிடுகிறார். இந்த நம்பிக்கை குடும்ப வாழ்வுக்கு அழகானது. ஆனால் அந்த நம்பிக்கையை ஒருவர் முறைகேடாகப் பயன்படுத்தி, மற்றவரின் கையொப்பத்தைத் தாமே இட்டு, வீட்டை ஈடு வைத்துப் பணம் பெற்றுவிட்டால் என்ன நிகழும்?

"கள்ள உறுதி செல்லாது, நீதிமன்றம் போனால் வீடு திரும்பக் கிடைக்கும்" என்பதே நம்மிற் பெரும்பாலோர் தரும் விடை. இலங்கையைப் பொறுத்தவரை அவ்விடை சரியானது. நியூசிலாந்தைப் பொறுத்தவரை அது ஆபத்தான தவறு.

இரு நாடுகள், இரு முறைகள்

இலங்கையில் காணி விற்பனையோ ஈடோ நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்த நியதி. அவ்வுறுதிகளைக் காணிக் கந்தோரிற் பதிவது 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நடைபெறுகிறது. ஆனால் அங்கே பதியப்படுவது உறுதியேயன்றி உரிமையன்று. முந்திப் பதிந்தவருக்கு முன்னுரிமை கிடைக்கலாம். எனினும் உறுதியில் உள்ள குறைபாட்டைப் பதிவு நீக்கிவிடாது. எனவே கள்ள உறுதியைப் பதிந்தவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அவரிடம் நல்லெண்ணத்துடன் வாங்கியவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. பழைய உறுதிகளைத் தேடி, தோம்பு வரை பின்னோக்கிச் சென்று ஆராயும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

நியூசிலாந்து வேறொரு பாதையைத் தெரிந்தது. தென் அவுஸ்திரேலியாவில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றிய ரொபேட் ரொறன்ஸ் என்பவர் முன்னின்று நடத்திய முயற்சியால், 1858 இல் அங்கே புதிய காணிப் பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. அதே முறையை நியூசிலாந்து 1870 இல் ஏற்றுக்கொண்டது. இம்முறையில் உரிமை உறுதியிலிருந்து பிறப்பதில்லை. அரசின் பதிவேட்டில் பெயர் ஏறும் அந்தக் கணத்திலேயே பிறக்கிறது. பதிவேட்டைப் பார்த்து வாங்குபவர் அதற்குப் பின்னால் உள்ள பழைய வரலாற்றைத் துருவ வேண்டியதில்லை. இதனால் யாராவது காணியை இழக்க நேர்ந்தால் அரசு இழப்பீடு வழங்கும். காணி வாங்கல் விற்றல் விரைவாகவும் குறைந்த செலவிலும் நடைபெற இம்முறை உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பதிவேறிய பத்திரமே பொய்ப் பத்திரமாக இருந்தால்?

ஒரு மனைவி இட்ட ஒப்பம்

இக்கேள்விக்கு விடை தந்தது ஒக்லாந்தில் எழுந்த ஒரு வழக்கு. சட்ட மாணவர் யாவரும் அறிந்த அந்த வழக்கின் பெயர் 'பிரேசர் எதிர் வாக்கர்'. கணவனும் மனைவியும் கூட்டு உரிமையாளராக இருந்த ஒரு காணியை, 1960களின் தொடக்கத்தில் மனைவி கணவனுக்குத் தெரியாமல் ஈடு வைத்து 3,000 பவுண் கடன் பெற்றார். ஈட்டுப் பத்திரத்தில் கணவனின் கையொப்பம் போலியாக இடப்பட்டது. கடன் கொடுத்தவர்களுக்கு இது தெரியாது. அவர்களின் ஈடு முறைப்படி பதிவாயிற்று. தவணைப் பணம் செலுத்தப்படாமற் போகவே, அவர்கள் தமக்கிருந்த அதிகாரத்தின்படி காணியை ஏலத்தில் விற்றனர். வாங்கியவருக்கும் எதுவும் தெரியாது. அவர் வீட்டை ஒப்படைக்குமாறு வழக்குத் தொடுத்தபோது, தாம் அந்த ஈட்டில் ஒப்பமிடவேயில்லை என்று கணவர் வாதிட்டார்.

அவர் சொன்னது உண்மை. ஆயினும் அவர் தோற்றார். நியூசிலாந்து நீதிமன்றங்களின் முடிவை, இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் 1967 இல் உறுதி செய்தது. தீர்ப்பை வழங்கியவர் வில்பர்போர்ஸ் பிரபு. பத்திரம் வெற்றுப் பத்திரமே ஆயினும், மோசடியிற் பங்கில்லாதவர் பெயரில் அது பதிவாகிவிட்டால், பதிவே அவருக்கு அசைக்க முடியாத உரிமையைத் தந்துவிடுகிறது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இங்கே 'மோசடி' என்ற சொல்லின் பொருளைக் கவனித்தல் அவசியம். யாரோ ஒருவர் மோசடி செய்தார் என்று காட்டுவது போதாது. பதிவின் மூலம் பயன்பெற்றவரோ அவருடைய முகவரோ நேர்மையீனமாக நடந்தார் என்று காட்ட வேண்டும். கடன் கொடுத்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்பது மட்டும் மோசடி ஆகாது. எனவே கணவனை மனைவியோ, தந்தையை மகனோ ஏமாற்றியது வங்கியின் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை.

சட்டம் நெகிழ்ந்த இடங்கள்

இத்தீர்ப்பின் கடுமையைப் பிற்காலம் ஓரளவு தணித்தது. 2009 இல் நியூசிலாந்தின் உயர்நிலை நீதிமன்றமாகிய சுப்ரீம் கோர்ட், 'வெஸ்ற்பாக் எதிர் கிளார்க்' என்ற வழக்கில் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டியது. பதிவான ஈட்டை அழிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த ஈடு எந்தக் கடனுக்குப் பிணை? இக்கால வங்கி ஈடுகள் குறித்த தொகையைச் சொல்லாது, 'கடன்பெறுநர் வங்கிக்குத் தரவேண்டிய யாவும்' என்றே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. வீட்டுக்காரரின் பெயரைக் களவாடி வேறொருவர் கடன் பெற்றிருந்தால், வீட்டுக்காரர் வங்கிக்குத் தரவேண்டியது எதுவுமில்லை. ஆகவே ஈடு பதிவேட்டில் இருந்தாலும் அது எந்தக் கடனுக்கும் பிணையாகாது என நீதிமன்றம் கண்டது. எனினும் ஏமாற்றியவரே கூட்டு உரிமையாளராக இருந்து, அவர் உண்மையாகவே கடன்பட்டிருக்கும்போது சிக்கல் மிகுதி என்பதை வாசகர் மறக்கலாகாது.

அடுத்த நெகிழ்வு 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2017 ஆம் ஆண்டின் காணிக் கைமாற்றச் சட்டத்தால் ஏற்பட்டது. வெற்றுப் பத்திரத்தால் ஒருவர் உரிமையை இழந்திருக்கையில், மற்றவர் பதிவில் நீடிப்பது வெளிப்படையான அநீதி எனக் கண்டால், பதிவேட்டைத் திருத்துமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிடலாம். போலிக் கையொப்பம் நிகழ்ந்தது என்பது மட்டும் அத்தகைய அநீதி ஆகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. யார் குடியிருக்கிறார், எவ்வளவு காலமாக இருக்கிறார், காணியின் தனிச்சிறப்பு யாது என்பன போன்றவை ஆராயப்படும். வீடு என்பது பணத்தால் ஈடுசெய்யக்கூடிய பொருள் மட்டுமன்று என்பதைச் சட்டம் இப்போதாவது ஏற்றுக்கொண்டுள்ளது எனலாம். ஆனால் காலம் தாழ்த்தியவருக்கு இவ்வாய்ப்பு கைநழுவும். வீடு ஏலத்தில் விற்கப்பட்டு, நல்லெண்ணத்துடன் வாங்கியவர் பெயருக்கு மாறிய பின் எஞ்சுவது பெரும்பாலும் அரசிடம் கோரும் இழப்பீடு மட்டுமே.

ஒப்பம் உண்மை, விளக்கம் பொய்

போலிக் கையொப்பத்தைவிட நம்மவரிடையே அஞ்சத்தக்கது வேறொன்று உண்டு. கையொப்பம் உண்மையானது, ஆனால் எதற்கு ஒப்பமிடுகிறோம் என்பது மறைக்கப்பட்டது. 'வதிவிட விண்ணப்பத்துக்கு' என்றோ, 'மச்சானின் கடைக்கு ஒரு சாட்சி' என்றோ சொல்லப்பட்டு, உண்மையில் வீட்டையே பிணை வைக்கும் பத்திரத்தில் ஒப்பம் பெறுதல் இவ்வகையானது. வாசிக்காமல் ஒப்பமிட்டவருக்குச் சட்டம் காட்டும் இரக்கம் குறைவு. நெருங்கிய உறவின் நெருக்குதலால் ஒருவர் பிணை நிற்கக்கூடும் என வங்கி அறியத்தக்க நிலையில், அவருக்குத் தனியான சட்ட ஆலோசனை கிடைப்பதை வங்கி கவனிக்க வேண்டும் என்பதை மேன்முறையீட்டு நீதிமன்றம் 1998 இல் 'வில்கின்சன் எதிர் ஏஎஸ்பி வங்கி' வழக்கில் ஆராய்ந்தது. அந்த ஆலோசனை நமக்குப் பாதுகாப்பாக ஏற்படுத்தப்பட்டது. அதை வெறும் சடங்காக்கி, உறவினர் கூட்டிச்சென்ற சட்டத்தரணி முன் தலையசைத்துவிட்டு வருவது அப்பாதுகாப்பை நாமே எறிந்துவிடுவதாகும்.

நாம் செய்யத்தக்கவை

இந்நாட்டில் கடதாசி உறுதி இப்போது இல்லை. பதிவேடு முழுவதும் மின்வடிவில், லின்ஸ் எனப்படும் காணித் தகவல் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. சிறு கட்டணம் செலுத்தி எவரும் தம் வீட்டின் பதிவுப் பிரதியைப் பெறலாம். அதில் எத்தனை ஈடுகள் உள்ளன, யார் பெயரில் உள்ளன என்பது தெரியும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைப் பார்ப்பது நன்று.

மோசடியால் வீடு பறிபோகும் ஆபத்து உண்டெனக் காட்டக்கூடிய உரிமையாளர், தம் காணிப் பதிவின் மீது 'கேவியற்' என்னும் தடை அறிவிப்பை இடுவிக்கச் சட்டம் இடமளிக்கிறது. வீடு கணவன் பெயரில் மட்டும் உள்ள பெண்களும் கையற்றவர்களல்லர். 1976 ஆம் ஆண்டின் உறவுச் சொத்துச் சட்டத்தின்படி உரிமைகோரல் அறிவிப்பொன்றைப் பதிவிக்கலாம்; அதன்பின் அவர்கள் அறியாமல் வீட்டைக் கைமாற்றுவது எளிதன்று.

பத்திரம் எழுதும் சட்டத்தரணி, ஒப்பமிடுபவரின் அடையாளத்தைச் சரிபார்த்து, அதற்கான சான்றைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கள்ளக் கையொப்பம் தெரியவந்ததும் முதலிற் கேட்க வேண்டியது அந்தச் சான்றையே. கட்டணம் செலுத்த இயலாதவர்கள் சமூகச் சட்ட நிலையத்தையும் குடிமக்கள் ஆலோசனை நிலையத்தையும் நாடலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம். உறவினரை மொழிபெயர்ப்பாளராகக் கொண்டுசெல்வதைத் தவிர்ப்பது விவேகம். ஏமாற்றியவரே மொழிபெயர்த்த சம்பவங்களும் உண்டு.

இவை யாவற்றுக்கும் தடையாக நிற்பது சட்டத்தைவிட நம் வெட்கமே. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று அஞ்சி, வங்கியின் முதற் கடிதத்தை மறைத்து, இரண்டாவதைக் கிழித்து, ஏல அறிவித்தல் வாசலில் ஒட்டப்பட்ட பின்னரே பலர் வாய் திறக்கின்றனர். நாட்டை இழந்து வந்தவர்கள் வாங்கிய கூரை இது. அதன் பதிவில் யாருடைய பெயர் உள்ளது என்று கேட்பது உறவினர் மீது ஐயுறுவதாகாது. முதற் கடிதம் வந்த அன்றே சட்டத்தரணியின் கதவைத் தட்டுங்கள்.