வீட்டுக்கு ஒரு சர்வர்: எதை வாங்குவது?

கல்யாண ஆல்பம் இப்போது பீரோவில் இல்லை, கைபேசியில் இருக்கிறது. ஊரில் நடந்த சஷ்டியப்தபூர்த்தி வீடியோ, மறைந்த பாட்டியின் குரல், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் அதற்குள்தான். கூகுள் ஃபோட்டோஸ் அளவின்றி இலவசமாகப் படங்களைச் சேமித்துவந்த ஏற்பாடு 2021 ஜூன் 1 முதல் நின்றுவிட்டது. ஆகவே வீட்டிலேயே ஒரு சிறு சர்வர் வைத்துக்கொள்வது பற்றி நம் குடும்பங்கள் யோசிக்கலாம்.

சர்வர் என்றதும் மலைக்க வேண்டாம். இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்து, வீட்டார் அனைவரின் கோப்புகளையும் வாங்கி வைத்துக் கேட்டபோது தரும் கம்ப்யூட்டர், அவ்வளவே. இதற்கு அதிவேக இயந்திரம் தேவையில்லை.

முதலில் மின்செலவைப் பாருங்கள். ஒரு வாட் ஓராண்டு முழுதும் ஓடினால் 8.76 யூனிட் ஆகும். 60 வாட் இழுக்கும் பழைய டவர் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 525 யூனிட். 10 வாட் இழுக்கும் மினி கம்ப்யூட்டருக்கு 88 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால், முன்னதற்கு 4,200 ரூபாய், பின்னதற்கு 700 ரூபாய். மூலையில் கிடக்கும் பழைய டவர் இலவசம் என்று நினைப்பது சரியன்று.

அலுவலகங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்ற மினி கம்ப்யூட்டர்கள் ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றவை. டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு போன்ற இடங்களில் விசாரிக்கலாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத இயந்திரமாயினும் கவலையில்லை. இலவசமான டெபியன் லினக்ஸ் அதில் நன்றாக ஓடும். இன்டெல் ஆறாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர், 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். ராஸ்பெர்ரி பை இன்னும் குறைந்த மின்சாரத்தில் ஓடும். ஆனால் அதன் மெமரி கார்டு ஓயாமல் எழுதப்பட்டால் தேய்ந்துவிடும்.

மீதப்படும் பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் ஒரு சிறு யு.பி.எஸ்.ஸும் வாங்குங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் பழுதாகக்கூடும். முறையாக நிறுத்துவதற்கு யு.பி.எஸ். சில நிமிடம் தரும். சர்வரை ரவுட்டருடன் கேபிள் மூலமே இணையுங்கள்.

இரண்டு டிஸ்க்கையும் சர்வரிலேயே மாட்டி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியுமாறு அமைப்பவர்கள் உண்டு. டிஸ்க் கெட்டால் இது கைகொடுக்கும். ஆனால் குழந்தை தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும். திருட்டோ தீயோ என்றால் இரண்டுமே போகும். எனவே ஒன்றை மட்டும் சர்வரில் வைத்து, மற்றதில் நகல் எடுத்துக் கழற்றி, ஊருக்குப் போகும்போது அண்ணன் வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். அடுத்த பயணத்தில் புது நகலை வைத்து, பழையதை எடுத்துவரலாம்.

கம்ப்யூட்டர் பழுதானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் குரலைக் கடையில் வாங்க முடியாது.