எந்தக் கசிவு, யார் எடுத்த காட்சி?

வடசென்னையில் எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கம் கரையைப் பற்றி நாலைந்து பேர் சேர்ந்து ஆவணப்படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் அப்பிய வலை ஒன்றின் காட்சி கையில் இருக்கிறது. எந்த எண்ணெய்க் கசிவு அது? 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கடலில் கொட்டியதா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்ததா? மாற்றிப் போட்டால் படம் முழுவதையுமே யாரும் நம்பமாட்டார்கள். விடை வாட்ஸப் குழுவில் எங்கோ கிடக்கும். அதைத் தோண்டி எடுப்பதற்குள் எடிட்டர் ஏதோ ஒன்றை ஒட்டியிருப்பார்.

இதற்கு உதவுவது விக்கி. படிப்பவரே பக்கத்தைத் திருத்தலாம் என்ற யோசனையோடு 1995இல் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் தொடங்கிவைத்தது. 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் தளமும் இயங்குவது மீடியாவிக்கி என்ற இலவச மென்பொருளில். உங்கள் குழுவும் அதைத் தனியாக நிறுவி, கடவுச்சொல் போட்டுப் பூட்டிக்கொள்ளலாம்.

காட்சிக்கு ஒரு பக்கம், பேட்டிக்கு ஒரு பக்கம், இடத்துக்கு ஒரு பக்கம். யார் சேமித்தாலும் பழைய வடிவம் அழிவதில்லை. 'வரலாறு' என்பதை அழுத்தினால் யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்று தெரியும். '2017' என்றிருந்ததை ஒருவர் '2023' ஆக்கினால், ஏன் என்று அந்தப் பக்கத்துக்கே உரிய உரையாடல் பக்கத்தில் கேட்கலாம். தவறென்றால் ஒரு சொடுக்கில் மீட்கலாம். எனக்கு இதற்காகவே விக்கி வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

ஆனாலும் சிவப்பு இணைப்பைச் சொல்லாமல் விட முடியாது. திரைக்கதைப் பக்கத்தில் அனல்மின் நிலையத்தின் 'சாம்பல் குழாய்' என்று இணைப்புக் கொடுத்து, அப்படியொரு பக்கம் இன்னும் இல்லையென்றால் அது சிவப்பாகத் தெரியும். எடுக்க வேண்டிய காட்சிகளின் பட்டியல் தானாகவே உருவாகிவிடுகிறது. பெயர்க் குழப்பத்துக்கும் வழி உண்டு. ஒரே இடத்தை ஒருவர் 'முகத்துவாரம்' என்பார், இன்னொருவர் 'கழிமுகம்' என்பார். வழிமாற்று வைத்தால் இரண்டும் ஒரே பக்கத்துக்குப் போகும்.

பெரிய வீடியோக் கோப்புகளை மட்டும் இதில் ஏற்ற வேண்டாம். அவை ஹார்டு டிஸ்கிலேயே இருக்கட்டும். கோப்பின் பெயர், எடுத்த தேதி, எடுத்தவர், எந்த டிஸ்க், பேசியவரின் சம்மதம் வாங்கியாயிற்றா என்பவை விக்கியில் இருந்தால் போதும். அவற்றைப் படப்பிடிப்பு முடிந்த அன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒருவருக்கும் நினைவிருக்காது.