இராமேசுவரம் தீவின் படகுத்துறைகள்

இராமேசுவரம் தீவின் படகுத்துறைகள் என்பவை, பாம்பன் தீவு எனவும் வழங்கும் இத்தீவில் மீன்பிடிப் படகுகள் நிற்கவும், மீன் இறக்கவும், டீசலும் ஐசும் ஏற்றவும் பயன்படும் இடங்களாகும். இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், குந்துகால் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. பேச்சு வழக்கில் இவற்றைத் துறைமுகம் என்பர். ஆனால் தூத்துக்குடியைப் போலச் சுற்றிலும் அலைத்தடுப்புச் சுவர் கட்டிய துறைமுகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வருபவர் ஏமாந்து போவார். இராமேசுவரத்தில் கண்ணில் படுவது கடலுக்குள் நீளும் ஜெட்டிப் பாலமும், அதற்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்ட படகுகளும்தான்.

இரண்டு கடல்

தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பர். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். வடகரை ஓரளவு அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். ஆகவே ஒரே ஒரு துறை, எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், ஆண்டு முழுவதும் பாதுகாப்புத் தராது. பாம்பனில் வடக்கே ஒரு துறையும் தெற்குவாடியில் ஒரு துறையும் இருப்பது இதனால்தான். நாட்டுப்படகுக்காரர்கள் பருவம் மாறும்போது கரையையும் மாற்றிக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

படகு நிற்கும் நாட்கள்

ஒரு துறைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? கடலுக்குப் போகும் படகுகளை மட்டும் எண்ணினால் விடை தவறாகிவிடும். பாக் விரிகுடாவில் வாரத்துக்கு 3 நாட்கள் விசைப்படகுகளும் 4 நாட்கள் நாட்டுப்படகுகளும் மீன்பிடிக்கும் முறை உள்ளது. அதாவது வாரத்தில் பாதிக்கு மேல் விசைப்படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கரையோரம் நிற்கின்றன. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது சில படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி, பழுது பார்த்து, வண்ணம் பூசுவர்; மற்றவை தண்ணீரிலேயே கிடக்கும்.

ஜெட்டியில் இத்தனை படகுகளைக் கட்ட முடியாது. மீனை இறக்கியதும் படகு விலகி, சற்று தூரத்தில் நங்கூரமிட வேண்டும். ஆட்கள் சிறு வத்தையில் கரைக்கு வருவர். சூறைக்காற்றில் ஒரு படகின் நங்கூரக் கயிறு அறுந்தால், அது அடுத்த படகின்மேல் மோதும். அது அதற்கடுத்ததன்மேல் மோதும். ஆளில்லாமல் நிற்கும்போதே இப்படிப் பலகை உடைந்து படகுகள் மூழ்குவதுண்டு. ஏலக்கூடம், ஐஸ், டீசல் வசதிகள் அவசியமானவையே. ஆனால் இத்தீவில் முதல் தேவை காற்றுக்கு மறைவான நிறுத்துமிடம் என்பதே சரி.

பாம்பன் கால்வாய்

ஒரு கடலிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் குறுக்கு வழி பாம்பன் கால்வாய். அதன்மேல் 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் இயக்கித் திறந்து வந்தனர். உயரமான படகுகளும் சிறு கப்பல்களும் அதற்காக வரிசையில் காத்திருந்தன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி மின்சக்தியால் செங்குத்தாக மேலே உயர்கிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதும் பாம்பன் துறைமுகத்தில்தான். நாளிதழில் வரும் "3ஆம் எண் கூண்டு" போன்றவை மாணவர்களுக்குப் பழகிய செய்திகளே.

கால்வாய்க்குத் தெற்கே தீவின் தென்மேற்கு முனையில் இருப்பது குந்துகால். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் கரையிறங்கிய இடம் இது. ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளைக் கருத்தில் கொண்டு இங்கு மீன் இறங்குதளம் அமைக்கப்பட்டது.

தனுசுகோடி

தீவின் கிழக்கு முனையான தனுசுகோடியில் ஒரு காலத்தில் தலைமன்னாருக்குக் கப்பல் செல்லும் துறை இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் ஊரையும் துறையையும் அழித்தது. இன்று அங்கே மீனவர்கள் மணலில் நின்று கரைவலை இழுக்கின்றனர். நாட்டுப்படகுகளை மணல்மேல் ஏற்றி வைக்கின்றனர்.