அறுபதில் நந்தி மலை: சின்ன கியர் எப்படிக் கைகொடுக்கிறது?

பெங்களூருவுக்கு வடக்கே, 1,478 மீட்டர் உயர நந்தி மலைக்கு வார இறுதி விடியலில் சைக்கிள்கள் வரிசை கட்டும். நரைத்த தலைகளும் அதில் உண்டு. இவர்களால் எப்படி முடிகிறது?

கணக்கைப் பாருங்கள். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ, 400 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் 3.1 லட்சம் ஜூல் வேலை. எந்த கியரும் இதில் ஒரு ஜூல்கூடத் தள்ளுபடி தராது. ஆனால் அரை மணியில் ஏற 174 வாட் திறன் வேண்டும். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் 87 போதும். காற்றும் உராய்வும் தனி.

அந்த நிதானத்துக்குத்தான் சின்ன கியர். முன்னால் 34 பல், பின்னாலும் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று, ஏறக்குறைய 2.1 மீட்டர். 50-க்கு 17 போட்டால் சக்கரம் கிட்டத்தட்ட மூன்று சுற்று சுற்றும். காலும் மூன்று மடங்கு அழுத்த வேண்டும்.

வயதாகும்போது வெடுக்கென்று இழுக்கும் வேகத் தசைநார்கள்தான் அதிகம் மெலிகின்றன. மெதுவாக, நீடித்து உழைப்பவை அவ்வளவு தேய்வதில்லை. சின்ன கியர் வேலையை இவற்றிடம் ஒப்படைக்கிறது, முழங்காலும் பிழைக்கிறது. கௌரவத்துக்காகப் பெரிய கியரில் முக்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிடுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்றுகொள்ளும்.