வைட்டமின் டி குறைபாடு: வாராந்திர மாத்திரையை தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும்?

கொல்கத்தா: வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இளைஞர்களுக்கும் வைட்டமின் டி குறைவதற்கு முக்கியக் காரணம், அந்த வெயில் உடலில் படாததே. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர்கள் தோலில் நேரடியாகப் பட்டால்தான் இந்த வைட்டமின் உருவாகும். ஜன்னல் கண்ணாடி அக்கதிர்களைத் தடுத்துவிடும். எனவே கொல்கத்தா சால்ட் லேக் செக்டார் 5 போன்ற தகவல் தொழில்நுட்ப மையங்களில் பகல் முழுவதும் அறைக்குள் பணியாற்றுவோருக்கு இப்பாதிப்புக்கான வாய்ப்பு அதிகம்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இதை உணர்த்தியது. வெயிலில் பயிற்சி பெறும் ராணுவ வீரர்களைவிட, மருத்துவமனைக்குள் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்களிடம் வைட்டமின் டி அளவு மிகக் குறைவாக இருந்தது.

எவ்வளவு தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டு பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 ஐயு போதுமானது. ரத்தத்தில் இதன் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால், அது பொதுவாகக் குறைபாடாகக் கருதப்படுகிறது. அதைச் சரிசெய்ய 60,000 ஐயு மாத்திரையை வாரம் ஒன்று வீதம் 8 வாரங்களுக்கு எடுத்துக்கொள்ள மருத்துவர்கள் பரிந்துரைப்பது வழக்கம். பின்னர் குறைந்த அளவிலான மருந்துக்கு மாற்றுவார்கள்.

ஆபத்து எங்கே?

ஒரு 60,000 ஐயு மாத்திரை என்பது 100 நாள் தேவைக்குச் சமம். வாராந்திர மாத்திரையைத் தவறுதலாக தினமும் சாப்பிடுவதும், மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் தொடர்வதும் ஆபத்தானவை. வைட்டமின் டி கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் உடலில் சேர்ந்துகொண்டே போகும். இதனால் ரத்தத்தில் கால்சியம் அளவு உயர்ந்து அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் ஆகியவை ஏற்படலாம். சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இத்தகைய அறிகுறிகள் தென்பட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

மாத்திரை வாரத்துக்கு ஒன்றா, நாளுக்கு ஒன்றா என்பதை மருந்துச் சீட்டில் தெளிவாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வாரந்தோறும் ஒரே கிழமையில், உணவுக்குப் பின் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கல் பாதிப்பு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

50 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்கள், பரிந்துரைக்கப்பட்ட தினசரி அளவுக்கு மேல் வைட்டமின் டி எடுக்க வேண்டியதில்லை என அமெரிக்காவைச் சேர்ந்த எண்டோகிரைன் சொசைட்டி 2024-இல் அறிவுறுத்தியுள்ளது. ஆகவே, சோர்வாக இருக்கிறது என்பதற்காக மட்டும் தாமாகவே மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதைத் தவிர்ப்பது நல்லது.