கைப்பேசியில் நூறு பேர், கட்டிலருகே யார்?

இரவு பதினொரு மணி. சிகிச்சைப் பிரிவின் வெளியே அமர்ந்திருப்பவரின் கைப்பேசிக்குச் செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. "விரைவில் நலம் பெறட்டும்", "வேண்டிக்கொள்கிறோம்" என உறவினர் குழுவில் நாற்பது பேர் எழுதிவிட்டனர். அவரோ மதியத்திலிருந்து உணவருந்தவில்லை. நோயாளியின் அருகே அரை மணி நேரம் இருக்க ஒருவர் கிடைத்தால் போதும். அந்த ஒருவரைக் காணோம்.

முற்காலத்தில் ஒருவர் நோயுற்றால் தெரு முழுவதும் அறியும். ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வரும். மற்றொரு வீட்டார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவைப்பர். எவரும் கேட்க வேண்டியதில்லை. ஆயினும் அக்காலத்தைக் குறையற்றதெனக் கருதலாகாது. தொழுநோயாளிகளையும் காசநோயாளிகளையும் ஒதுக்கிவைத்ததும் அதே ஊர்தான்.

இணையக் குழுக்கள் அந்தக் குறையை ஓரளவு நீக்கியுள்ளன. தலசீமியா உள்ள குழந்தையின் தாய்க்குத் தம் ஊரில் அந்நோயை அறிந்தவர் எவரும் இல்லாதிருக்கலாம். குழுவில் அதே பாதையில் நடக்கும் பல தாய்மாரை அவர் காண்கிறார். "நமக்கு மட்டுமன்று" என்னும் ஆறுதல் சிறியதன்று. ஆனால், குழுவில் ஒருவர் கூறியதைக் கொண்டு மருந்தை நிறுத்துவதோ அளவை மாற்றுவதோ கூடாது. அதை மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

உறவுகள் உடல்நலத்துடனும் தொடர்புடையவை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. வலுவான சமூக உறவுகள் உடையோர் உயிர்வாழும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக இருந்ததை அது காட்டியது.

அண்டை வீட்டாரின் பரிவு தானாக அமைய வேண்டும் என்பதில்லை. அதை முறைப்படுத்தவும் இயலும். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்னர் கேரளத்தின் பல ஊர்களுக்கும் பரவியது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்போரை வீடுதேடிச் சென்று கவனிக்கின்றனர்.

நம் கைப்பேசியில் உள்ள நாற்பது பேரும் கல்நெஞ்சர் அல்லர். என்ன செய்வதென அறியாமலே வாழ்த்தோடு நின்றுவிடுகின்றனர். ஆகவே, செய்ய வேண்டியதைத் தெளிவாக எழுதுங்கள்.

"உதவி தேவை" என்பதைவிட, "செவ்வாய் மாலை 4 முதல் 7 மணி வரை அம்மாவுடன் இருக்க யாரால் இயலும்?" என்று கேளுங்கள். உணவு, பிள்ளைகள், மருந்து வாங்குதல் என வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். குருதி வேண்டுமெனில் வகை, நாள், இடம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். தட்டணுக்களைப் பொதுவாக 5 நாட்களுக்கு மேல் சேமிக்க இயலாது. தேவை முடிந்தவுடன் "கிடைத்துவிட்டது" என அறிவியுங்கள். இல்லையேல் பழைய வேண்டுகோள் வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். நோயாளியின் இசைவின்றி அவருடைய படத்தையோ பரிசோதனை அறிக்கையையோ பகிர வேண்டாம்.

கேட்பதில் இழிவில்லை. நாளை அவர்கள் வீட்டிலும் ஒருவர் நோயுறக்கூடும். அன்று நீங்கள் செல்வீர்கள். ஊர் என்பது அவ்வாறுதான் உருவாயிற்று. இன்றிரவு, அந்த நாற்பது பேரில் மருத்துவமனைக்கு அருகில் வசிப்பவர் யார் எனப் பாருங்கள். அவரை அழைத்துப் பேசுங்கள்.